வால் பக்கம் பார்த்த இருக்கை

அமெரிக்கா வரும் மாமனார் மாமியாரை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டு எனக்கு வாரம் ஒரு கமெண்டாவது வருகிறது. ஹூஸ்டன் விண்வெளி மையம், சான் ஆன்டோனியோ படகு, கோயில், அவுட்லெட் மால் என்று எல்லாவற்றையும் இந்த வலைப்பூவில் எழுதி முடித்தாயிற்று. இது அந்த வரிசையில் சேராத பயணம். போன பிப்ரவரியில், வியாழன் வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டு, என் மாமனாரை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். என் கணவருக்கு அந்த வாரம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ். மகளுக்குப் பள்ளி.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. தேவகோட்டைக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காப்பெல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் இதைப் பார்க்க வேண்டும், அதை வாங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நயாகரா போகலாமா என்றால், "தண்ணிதானம்மா" என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை, நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, "வித்யா, சண்டைல ஜப்பான்காரன் ஓட்டுன பழைய பிளேன் இங்க எங்கயாவது வச்சிருக்கானாம்மா?" என்றார். கையில் மகள் லைப்ரரியில் இருந்து எடுத்து வந்த விமானப் படப் புத்தகம். நடுவே ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

தேடிக் கண்டுபிடித்தேன். பர்னட் என்ற ஊரைத் தாண்டி, தனியார் நடத்தும் ஒரு ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை. ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் சிலர் சேர்ந்து பழைய விமானங்களைச் சீராக்கி வைத்திருக்கிறார்கள். ஆள் குறைவு, பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போக நினைப்பவர்கள் கமெண்டில் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து 205 மைல். காலை 7.40க்குக் கிளம்பினோம். ஃபோர்ட் வொர்த்தைக் கடக்கும்வரை எல்லோரும் ஆபீசுக்குப் போகும் நேரம், நகர்ந்தால் உண்டு. கிளிபர்ன் தாண்டி, ஹைகோவில் 281ஆம் எண் சாலையைப் பிடித்துவிட்டால் பிறகு நேராகத் தெற்கே போக வேண்டியதுதான். ஹாமில்டனில் பத்து நிமிடம் நிறுத்தினோம். ரெஸ்ட்ரூம் சுத்தம், காபி சுமார். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துப் போயிருந்ததால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

லாம்பசாஸ் போர்டு கண்ணில் படும்போதுதான் மாமா வாயைத் திறந்தார். அவருடைய அப்பா யுத்தத்துக்கு முன் ரங்கூனில் அரிசி மில் ஒன்றில் கணக்குப்பிள்ளை. ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். பிறகு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது இதுதான்.

"எனக்குப் பதினாலு வயசும்மா. ஒரு காதுகுத்துக்கு வீடு நெறைய ஆளு. அப்பா ரங்கூன் கதைய ஆரம்பிச்சாரு. 'பிளேன் தலைக்கு மேல தாண்டிப் போயிருச்சு. போனப்புறமும், பின்னாடி ஒருத்தன் எங்களப் பாத்து உக்காந்து, பாத்துக்கிட்டே போனான், தம்பி'ன்னாரு. என்னை எப்பவும் தம்பின்னுதான் கூப்புடுவாரு. நான் ஒம்பதாவது படிக்கிற மேதாவி. 'பிளேன்ல போறவன் முன்னாடிதானப்பா பாப்பான். பின்னாடி பாத்து எவன் உக்காருவான்? பொய் சொல்லாதீங்க'ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் வாயில ரங்கூன்ங்கிற பேரே வரல. செத்து முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. போன வாரம் அந்தப் புஸ்தகத்தைப் பாக்கறேன், பின்னாடி பாத்து ஒரு சீட்டுப் போட்டிருக்கான். அது நெசமான்னு கண்ணால பாக்கணும்மா."

கார் ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தேன்.

12.15க்கு ஹேங்கரை அடைந்தோம். நுழைவுக் கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டு டாலர், மூத்தவர்களுக்கு ஒன்பது. எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் டேல் என்ற தொண்டர். மாமாவை விட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம், அவருக்கும் முழங்கால் வலி. இருவரும் ஒரே வேகத்தில் நடந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. டேல் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

அங்கே இருப்பது முழு விமானம் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசிபிக் தீவு ஒன்றின் காட்டிலிருந்து எடுத்து வந்த உடல் பகுதியும் வாலும், தனியாகக் கிடக்கும் ஒரு இறக்கையும்தான். ஜப்பான் தரைப்படை வைத்திருந்த இலகு ரகக் குண்டு விமானம், இரண்டு பேர் போவது. இதைவிடப் பெரிதாக நான்கு பேர் போகும் ரகமும் இருந்ததாம். அதன் படம் சுவரில் இருக்கிறது. அதில் மூக்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர் குண்டைக் குறிபார்த்துப் போடுவார், எதிரி வந்தால் அங்கிருக்கும் துப்பாக்கியும் அவர் பொறுப்பு. பின்னால் மேலே ஒரு துப்பாக்கி, வயிற்றுப் பக்கத் திறப்பில் ஒன்று. ரேடியோ பார்ப்பவரும் துப்பாக்கி பிடித்தாக வேண்டும். ஒரே வேலை மட்டும் பார்க்கும் ஆளை ஏற்றிக்கொண்டு போக இடம் கிடையாது என்றார் டேல்.

எங்கள் முன்னால் இருந்த சின்ன விமானத்தில் இன்னும் நெருக்கடி. முன்னால் விமானி. அவருக்குப் பின்னால் இரண்டாமவர். அவருடைய இருக்கை சுழலும். ரேடியோ வேலையென்றால் ஒரு பக்கம். மற்ற நேரமெல்லாம் வாலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னாலிருந்து சண்டை விமானம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். துப்பாக்கி விமானத்தின் உடம்புக்குள் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும், தேவைப்படும்போது தூக்கி நிறுத்துவார்கள். போட்ட குண்டு எங்கே விழுந்தது, என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்வதும் இவர் வேலைதான். விமானிக்கு அது தெரியாது, அவர் கடந்து போய்விட்டிருப்பார்.

பக்கத்தில் பார்வையாளர்கள் ஏறிப் பார்க்க, அதே அளவில் பிளைவுட்டில் ஒரு இருக்கை செய்து வைத்திருக்கிறார்கள். நான்கு படி. ஒரு கையை நானும் மறு கையை டேலும் பிடித்து மாமாவை ஏற்றினோம். டேல் இருக்கையை மெதுவாகத் திருப்பினார். மாமா முன்பக்கத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் வாலைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. அந்த முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது என்று அப்போது நினைத்தேன். தப்பில்லை, சந்தோஷமும் இருந்தது.

"கீழ நிக்கிற ஆள் மூஞ்சி தெரியுமான்னு கேளும்மா."

கேட்டேன். தாழப் பறந்தால் தெரியும் என்றார் டேல். நேர் கீழே இருப்பவர் தெரிய மாட்டார், விமானத்தின் உடம்பு மறைக்கும். தாண்டிய பிறகு, வாலுக்குப் பக்கவாட்டில் தெரியும். சுடவும் முடியும். ஏன் கேட்கிறார் என்று டேல் விசாரிக்க, விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ரங்கூனுக்கு வந்தது இதே ரகமா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் பின்னால் பார்த்து உட்கார்ந்த ஆளைப் பற்றி உங்கள் அப்பா சொன்னதில் சந்தேகமே வேண்டாம் என்றார். இதை நான் தமிழில் சொல்லவே தேவைப்படவில்லை.

அன்று மாலை பர்னட்டில் மோட்டல். 84 டாலர், மைக்ரோவேவ் உண்டு, வெந்நீர் ஒழுங்காக வருகிறது. மாமா மிச்சமிருந்த புளியோதரை முழுவதையும் சாப்பிட்டார். ஏழரை மணிக்கு, ஊரில் காலை ஏழு, தேவகோட்டையில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டார். காது சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"ஜெயா, அப்பா சொன்னது நெசந்தான். பின்னாடி பாத்து உக்கார சீட்டு இருக்கு. நானே உக்காந்து பாத்துட்டேன்."

"அது இருக்கும்ணே. அப்பா பொய்யா சொல்வாரு?"

"நான்தான் அன்னைக்கி அவர் வாய அடைச்சுப்புட்டேன். அதோட ரங்கூன் பேச்சையே விட்டுட்டாரே."

ஜெயா அத்தை சொன்னார்: "விடலைண்ணே. எங்ககிட்ட கடைசிவரைக்கும் சொன்னாரு. நீ வீட்ல இல்லாதப்ப சொல்வாரு."

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாரு?"

"தம்பியச் சொல்வாரு. சித்தப்பாவ."

"சித்தப்பா காய்ச்சல்ல போனாருல்ல?"

"காய்ச்சல்னு அப்பத்தாவுக்காகச் சொன்னது. ரெண்டு பேரும் மில்லு வாசல்ல நின்னாங்களாம். பிளேன் தாண்டிருச்சுன்னு நிமுந்திருக்காங்க. பின்னாடி உக்காந்திருந்தவன் சுட்டுட்டான். 'தம்பி கை எட்டுற தூரத்துலதான் நின்னான், இழுத்துப் போட்டிருக்கலாம்'னு சொல்லிச் சொல்லி அழுவாரு."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. 'பாத்துக்கிட்டே போனான், தம்பி' என்று மாமாவின் அப்பா மகனைக் கூப்பிடவில்லை. போனான் என்பதோடு ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. தம்பி என்பது அடுத்த வாக்கியத்தின் முதல் வார்த்தை. அதற்கு மேல் அவரை யாரும் பேச விடவில்லை. நாம் பெற்ற பிள்ளையையும் தம்பி என்கிறோம், கூடப் பிறந்தவனையும் தம்பி என்கிறோம். பதினான்கு வயதுப் பையன் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அன்று இரண்டு பேர் மீதும் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது.

மாமா போனை வைத்துவிட்டு, "எங்களப் பாத்துன்னாரும்மா. எங்களன்னா யாருன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு இன்னொரு தரம் அங்க போலாமா?" என்றார்.

டிக்கெட் மறுநாளும் செல்லும், கையில் கட்டிய பட்டையைக் கழற்றாமல் இருந்தால் போதும். ஒன்பது மணிக்குத் திறந்ததும் போய் நின்றோம். டேல் மறுபடியும் படியைக் காட்டினார். மாமா தலையை ஆட்டி, "நோ சார். சீட் ஐ சா எஸ்டர்டே" என்று சொல்லிவிட்டு, நிஜ விமானத்தைச் சுற்றிப் பின்னால் போனார். வாலைத் தாண்டிப் பத்தடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், துப்பாக்கிக்கு நேராக நின்றார்.

"நீ இங்க வந்து நில்லும்மா" என்று தன் இடது பக்கத்தைக் காட்டினார். நின்றேன். கையை நீட்டினார். விரல் என் தோளைத் தொடவில்லை, ஒரு சாண் இடைவெளி. "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார். அரை அடி நகர்ந்தேன். தொட்டது. தோளை இறுகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். எழுபத்தெட்டு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, தடுமாறி அவர் மேலேயே விழப் போனேன்.

"எட்டுது" என்றார். நெடுநேரம் விடவில்லை. டேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வியாழன் முதல் சனி வரைதான் திறந்திருக்கும், ஒன்பது முதல் நான்கு. ஹேங்கருக்குள் ஹீட்டர் கிடையாது, பிப்ரவரியில் ஸ்வெட்டர் கட்டாயம். வீல்சேர் ஒன்றே ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் இருக்கையில் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு வால் பக்கமும் போங்கள். அங்கே கயிறு கட்டவில்லை, போர்டும் வைக்கவில்லை. வெறும் சிமென்ட் தரைதான், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் இருக்கிறது.