சமோவாவிலும் ஒரு சொந்தக்காரர்

என் மச்சாளைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. மெல்பேர்ணில், ட்ருகனினாவில் இருக்கிறாள். போன வருடம் புருசனும் அவளுமாகச் சமோவாவுக்குப் போய்வந்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் படங்களைக் கொட்டினாள். காட்டுக்குள் விழும் அருவி, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, அந்தப் பாறை ஓட்டைகளால் பனை உயரத்துக்குச் சீறும் கடல். அவை எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. டோ சுவா என்று ஓரிடம். தரையில் பென்னாம் பெரிய கிணறு மாதிரி ஒரு பள்ளம், சுற்றிவரப் பச்சைப் பசேலென்று செடி தொங்குகிறது, அடியில் பச்சையும் நீலமுமாகக் கடல்நீர். செங்குத்தான மர ஏணியால் மச்சாள் இறங்குகிறாள். கீழே அவளுடைய புருசன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தக் கைகளைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபது வருடத்துக்கு மேல். நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஓரிடமும் போனது கிடையாது. டொரன்டோவில் கலியாணம், லண்டனில் செத்தவீட்டு அந்தியேட்டி, யாழ்ப்பாணத்தில் குடிபுகுதல் என்றுதான் லீவு முழுக்கப் போகும். ஒரு வீட்டுச் சோபாவில் படுத்து, இன்னொரு வீட்டில் சாப்பிட்டு, மூன்றாவது வீட்டாரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு திரும்புவோம். நயாகராவைக்கூட அவருடைய சித்தப்பா குடும்பத்தோடு, மடியில் புளிச்சாதப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

"சமோவாவுக்கு ஒருக்காப் போவமே?" என்று கேட்டேன்.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் கேக்கிறன்."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறது?" மனுசன் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. அந்த நாட்களில் என்னிடம் கை நீட்டிய நோயாளிகள் பாவம். கடைசியில் மனுசன் இறங்கி வந்து டிக்கெட் போட்டார். சிட்னி விமான நிலையத்தில் அவருடைய பெட்டி பாறாங்கல் கனம் கனத்தது. திறந்தால் மிளகாய்த்தூள், முறுக்கு, பால்மா.

"இது ஆருக்கு?"

"சும்மா, கையோட கிடக்கட்டும்."

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சமோவாவில் இறங்கிய அடுத்த நாள் டோ சுவாவுக்குப் புறப்பட, நீச்சல் உடுப்பைப் போட்டு அதற்கு மேல் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். இவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். தன்னோடு கூடப் படித்தவரின் சகலன் ஒருவர் இங்கே எஞ்சினியராம், தேடிப் பிடித்துவிட்டாராம். "போற வழிதான். ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுவம். வந்தும் எட்டிப் பாக்கேல்லை எண்டு நினைப்பினமெல்லே!"

எங்கள் ஆட்களின் வீட்டில் தேத்தண்ணி தேத்தண்ணியோடு நின்ற சரித்திரம் உண்டா? இறைச்சிக்கறி, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆருடைய மகன் என்று கதை வேலிக்கு வேலி தாவியது. யன்னலுக்கு வெளியே கடல் மினுங்கிக்கொண்டிருந்தது. சுடிதாருக்குள் நீச்சல் உடுப்பு இறுக்க, நான் அப்பளம் நொறுக்கினேன். சாப்பிட்டு முடிய வீட்டுக்காரர் கதிரையிலும் இவர் சோபாவிலும் சாய்ந்துவிட்டார்கள்.

குசினிக்குள் போய் ஆத்திரத்தைக் கோப்பைகளில் தேய்த்தேன். வீட்டுக்காரரின் மனைவி என்னைவிட இளம் பிள்ளை. நாங்கள் கொண்டுபோன மிளகாய்த்தூளை மூக்கருகே வைத்து வாசம் பிடித்துக்கொண்டு, "அக்கா, சிட்னியில தமிழ்க் கடைக்கு நடந்தே போவீங்களாமே! குடுத்து வைச்சனீங்கள். எனக்குப் பொறாமையா இருக்கு," என்றாள்.

"குடுத்து வைச்சது நானோ? இந்தக் கடலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு நீ சொல்லுறாய்! டோ சுவாவுக்கு எத்தினை தரம் போயிருப்பாய்?"

"ஒருக்காவும் போகேல்லை அக்கா. இவருக்கு நேரமில்லை. தனியப் போக ஒரு மாதிரி."

நான் கையைத் துடைத்தேன். "கார் ஓடுவியே?"

"ஓம்."

"அப்ப வெளிக்கிடு."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சோபாவுக்குப் போய் இவருடைய தோளைத் தட்டினேன். "இஞ்சேருங்கோ, வாறீங்களோ?"

கண்ணைத் திறக்காமலே, "நீ போய்ட்டு வா. சாப்பாடு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார்.

படத்தில் பார்த்ததைவிட ஏணி செங்குத்து. பாதியில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முதலில் இறங்கியிருந்த அந்தப் பிள்ளை, நனைந்த நீட்டு டீஷேர்ட்டோடு இரண்டு கைகளையும் நீட்டினாள். "பயப்பிடாதேங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்." பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி போலிருந்தது, காலடியில் மீன்குஞ்சுகள். பாறைக் குகையால் கடல் உள்ளே வந்து இழுத்துவிட்டுப் போனது. கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்திச் சிரித்தோம். அப்படிச் சிரிக்கும்போதும் நான் இடைக்கிடை ஏணியை அண்ணாந்து பார்த்தேன். வேறு ஆட்கள்தான் இறங்கி வந்தார்கள்.

மேலே ஏறியதும், நியூசிலாந்துக்காரப் பெண்ணொருத்தி எடுத்துத் தந்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டேன். தலை துவட்டி முடிவதற்குள் மச்சாளின் பதில் வந்துவிட்டது.

"நல்ல வடிவா இருக்கு மச்சாள். பக்கத்தில நிக்கிறது ஆர்? அண்ணாவைக் காணேல்லை?"

"அண்ணாதான் படம் எடுத்தவர்" என்று எழுதி அனுப்பினேன்.