ஹந்தானை வளைவுக்கு முன்னால்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் ஆட்டோ, வளைவுக்கு முன்னால் ஓரமாக நிற்கிறது. ரேடியோவில் யாரோ வயலின் வாசிக்கிறார்கள்.

"வளைவு தாண்டினா ரேடியோ எடுக்காதுங்க. இது முடிஞ்சதும் போவோமா?" என்கிறார் ஆட்டோ ஓட்டும் அக்கா. "ஓம், முடியட்டும்" என்கிறேன்.

"என்ன ராகம்ங்க இது?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே கச்சேரிகளில் கடைசி வரிசையில் உட்காருகிறவன் நான். "தெரியாதக்கா."

"எனக்கும் தெரியாதுங்க. ஆனா பாதியில விட்டுட்டுப் போக மனசு வராது."

இருவரும் சிரிக்கிறோம். பின்னால் ஒரு லொறி வந்து நிற்கிறது. ஹோர்ன் அடிக்கப்போகிறது என்று காத்திருக்கிறேன். ஆனால் லொறியின் எஞ்சின் அணைகிறது. உள்ளேயிருந்து அதே வயலின், இன்னும் தெளிவாக வருகிறது.

அக்கா எங்கள் ரேடியோவை நிறுத்திவிடுகிறார்.