வறண்ட அணைக்கு நான் விட்ட தண்ணீர்

நல்ல காரியம் செய்யக் கிளம்பும் சங்கங்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் சரிபாதி என் பேரில்தான் என்பதால் அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை. இன்று காட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. நூலகத்தில் தமிழ் அலமாரியை முடித்துவிட்டு ஆங்கில அலமாரியில் கை வைத்திருந்தேன். இப்படிப்பட்ட ஒருவனை எந்த ஊரும் சும்மா விட்டுவைக்காது. ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. ஆலை முதலாளிகளும் ஜவுளிக்கடைக்காரர்களும் சஃபாரி உடுப்பில் கூடுகிற இடம். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஒரு திட்டம் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எட்டாவது படிக்கும் ஏழைப் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்கு ஆளுக்கொரு வழிகாட்டி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டி அந்தப் பிள்ளையை எங்காவது கூட்டிப்போய் மகிழ்ச்சியையும் அறிவையும் சேர்த்து ஊட்ட வேண்டும். வருஷக் கடைசியில் ஆறு பேரும் தாங்கள் பார்த்த இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். முதலாவதாக வருகிறவளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் விடுதியில் தங்கி மேலே படிக்கச் சங்கம் இடம் வாங்கித் தரும்.

எனக்கு வாய்த்தவள் மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரி. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. அப்பா கேரளத்தில் மரம் வெட்டப் போயிருந்தார். அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு விடியும் முன்னே கிளம்பிவிடுவாள். விடுதி கிடைத்தால் பிள்ளைக்கு ஒன்பதாவது; கிடைக்காவிட்டால் அம்மாவோடு தறி. முதல் நாளே இதை அந்தப் பிள்ளை மார்க் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி என்னிடம் சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகாத ஆம்பிளையோடு வயசுக்கு வரப்போகிற பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா? பெரியம்மா கூடவே வந்தாள். கொய்யாப்பழக் கூடை சுமந்து விற்கிறவள். நாக்கில் நரம்பில்லாதவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு எம்புட்டுப் படிச்சிருக்கிய?" என்றாள். சொன்னேன். "அம்புட்டும் படிச்சுமா பொண்ணு கிடைக்கல?"

அறிவூட்டல் இப்படித் தொடங்கியது.

நூற்பாலைக்குப் போனோம். பஞ்சு எப்படி நூலாகிறது என்று நான் விளக்கிய நேரத்தில் பிள்ளை அங்கே வேலை பார்த்த பெண்ணிடம், "அக்கா, ஒண்ணுக்கு வந்தா யாரு மிஷினப் பாப்பா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பால்கோவா கிண்டுகிற இடத்துக்குப் போனோம். பால் சுண்டுவதன் விஞ்ஞானத்தை நான் பேசப் பேச, கிண்டுகிறவர் எத்தனை கிண்டலுக்கு ஒருமுறை கை மாற்றுகிறார் என்று அவள் எண்ணினாள். சாம்பல் அணிலைக் காட்டுகிறேன் என்று மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அணிலைக் காணோம். "அது ஞாயித்துக்கெழம லீவு போல," என்றாள் பெரியம்மா.

கடைசியாகப் பிளவக்கல் அணை. வத்திராயிருப்பு போய் இன்னொரு பஸ் பிடித்து இறங்கினால், அணையில் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அதைப் பேப்பரில் படித்திருந்தேன்; படித்ததற்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை. வந்தது வந்தாயிற்று என்று கரைமேல் நின்று பாசனத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பிறகு மூன்று பேரும் அணைக்குள்ளேயே இறங்கி நடந்தோம்.

மறு வாரம் அவள் எழுதிக்கொண்டு வந்த கட்டுரை இது. வரிக்கு வரி மனப்பாடம்.

"அணைக்குப் போனோம். தண்ணீர் இல்லை. உள்ளே இறங்கி நடந்தோம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போனது. அடியில் சூடாக இருந்தது. செத்த நத்தைகள் நிறையக் கிடந்தன. மாடுகள் மேய்ந்தன. பெரியம்மா விறகு பொறுக்கினாள். சார் தண்ணீரைப் பற்றிப் பேசினார். பிறகு வீட்டுக்கு வந்தோம்."

இதைப் படித்துவிட்டு, அலமாரி அலமாரியாகப் படித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முன்னுரை எங்கேம்மா?" என்றேன்.

நம் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ அக்கிரமங்கள் செய்திருக்கின்றன. இந்த முன்னுரை, பொருளுரை, முடிவுரைக்கு ஈடாக ஒன்றும் கிடையாது. பசுவைப் பற்றி எழுதினால் அது சாதுவாக இருக்க வேண்டும், முட்டக் கூடாது. மழை என்றால் சோவென்று பெய்ய வேண்டும். அணை என்றால் அலையடிக்க வேண்டும். சிவப்பு மையை எடுத்தேன். நீலக் கடலெனப் பரந்து விரிந்த நீர்ப்பரப்பு வந்தது. துள்ளும் கெண்டைகள் வந்தன. கரையைத் தாலாட்டும் அலைகள் வந்தன. செத்த நத்தை, விறகு, பெரியம்மா, மூவரும் போயினர்.

"சார், அங்க தண்ணி இல்லையே சார்," என்றாள்.

"அணையில இல்லம்மா. கட்டுரையில இருக்கணும்."

"பொய்யில்லையா சார்?"

"நடை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நல்ல தாளில் குண்டு குண்டாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை! வங்கியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

நடுவராக இருந்தவர் மகாராஜபுரத்துக்காரர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊரில் கொஞ்சம் வயல் உண்டு. அந்த அணைத் தண்ணீரை நம்பி நட்ட நெல் மொத்தமும் அந்த வருஷம் அவருக்குக் காய்ந்துபோயிருந்தது. எங்கள் கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருந்தார்: "இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? சொன்னால் நானும் பாய்ச்சிக்கொள்வேன்." மதிப்பெண் பூஜ்யம்.

மூலக் கட்டுரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். "இத ஏன்யா அனுப்பல?"

"நான் கொஞ்சம் திருத்தினேன்."

"எதுக்கு?"

மூலத்தை வைத்து மறுபடி மதிப்பெண் போடச் சொன்னேன். முடிவு சங்கத்துக்குப் போய்விட்டது, இனி தன் கையில் இல்லை என்றார். சங்கச் செயலாளரிடம் போனேன். "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம், விடுங்க," என்றார், குளிர்பானம் வரவழைத்துக் கொடுத்து. அடுத்த வருஷம் அவள் தறியில் இருப்பாள் என்றேன். "தறியும் தொழில்தானே?" என்றார். அவருக்குச் சொந்தமாக நாற்பது தறி. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தண்ணீர் விட்டவன் நான்தானே என்பது மட்டும் கத்தும்போதே குறுக்கே வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வட்டிக்கு வாங்கியாவது பிள்ளையை நானே படிக்கவைக்கிறேன் என்றும் சொன்னேன். அம்மா முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "வேண்டாம் சார். இன்னொருக்க நீங்க உதவி செஞ்சா எங்களுக்குத் தாங்காது." திங்கட்கிழமை முதல் தறிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பெரியம்மாதான் பேசினாள். "ஏட்டி, அந்த ஹாஸ்டலு வாசல்லதான நான் கொய்யா விக்கேன். அங்க உள்ள பிள்ளையள்லாம் கட்டுரை எழுதியா வந்துச்சு? செத்த பொறு, நாளைக்குக் கேட்டுட்டு வாரேன்."

கேட்டுவிட்டும் வந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் கூடையோடு நேராக வங்கிக்கே வந்து, கவுண்ட்டர் கம்பி வழியாக, மேலாளர் காதிலும் விழும்படி சொன்னாள்: "யோவ் சாரே! அது கவர்மெண்டு ஹாஸ்டலாம்! வருமானச் சர்ட்டிபிகேட்டு, டீச்சரு கையெழுத்து, ஒரு மனு. அம்புட்டுத்தானாம். எடம் காலியாக் கெடக்காம். ஒங்க சங்கத்துக்காரவிய குடுக்கதுக்கு அது என்ன அவிய அப்பன் வீட்டு ஹாஸ்டலா?"

அரசாங்கம் யார் கேட்டாலும் தருகிற ஓர் இடத்தைத் தங்கள் பரிசாக மேடை போட்டு, ஆறு பிள்ளைகளை ஒரு வருஷம் அதற்காக ஓட வைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேருக்கும்கூட அங்கே இடம் இருந்தது! செயலாளருக்கு இது தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எது மோசம் என்றும் தெரியவில்லை. அரசாங்க விளம்பரங்களை வரி விடாமல் படிக்கிற நான் ஒரு வருஷத்தில் ஒரு தடவை அந்த விடுதி வாசலில் போய்க் கேட்டிருக்கலாம். கொய்யா விற்கிறவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அன்றே சங்கத்துக்கு ராஜினாமா எழுதினேன். மூன்று பக்கம், காரசாரமாக. என் அருமையான கையெழுத்தை இழப்பதில் வருத்தம் என்று பதில் வந்தது.

பரிசு வாங்கியவளைத் தவிர மற்ற நான்கு வீடுகளுக்கும் தபால் போட்டேன். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். இரண்டு வீட்டிலிருந்து பதிலே இல்லை.

மனு கொடுக்கிற அன்று நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். விடுதி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். முன்னுரை கிடையாது. ஊரில் ஒன்பதாவது இல்லை, காலையில் பஸ் இல்லை, படிக்க வேண்டும், இடம் வேண்டும். நாலே வரி. விடுதிக் காப்பாளர் அம்மா படித்துவிட்டு, பெட்டி படுக்கையோடு புதன்கிழமை வரச் சொன்னார். பிறகு தூணோரம் நின்ற என்னைப் பார்த்து, "இவரு யாரு? பிள்ளைக்கு அப்பாவா?" என்றார்.

"இல்லம்மா," என்றாள் பெரியம்மா. "கூட வந்தவிய. பயப்படாதிய, ஒண்ணும் செய்யமாட்டாவ."