துரைசாணி கவுனும் மாட்டு முடிச்சும்

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும், பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் நான் போட்ட முடிச்சைப் பற்றிச் சொல்லிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த முடிச்சுக்காக முதுகில் அடி வாங்கியது நான். சிரிக்கிறவர்கள் யாரும் வாங்கவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. கீழே அப்பா, அம்மா, நான். மாடியறையில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அடுத்தவர்களின் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தையல் மிஷின். தைத்தது ரவிக்கையும் சுடிதாரும் இல்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போனவர்கள் போட்டிருந்த உடுப்பு. பழைய படம் ஒன்றைப் போனில் பெரிதாக்கி, தையல் எங்கே ஓடுகிறது, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தைப்பாள். தைத்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவளைப் போல ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவ்வப்போது எங்காவது கூடுவார்கள். ஒருவர் பட்டாளத்துச் சிவப்புக் கோட்டு, இன்னொருவர் திவான் தலைப்பாகை. சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. ஆனால் சொந்தக்காரர்களுக்கு அது ஒரு வியாதி. குடிக்கிற ஆம்பளைக்கு யோசிக்காமல் பெண் கொடுக்கிற கூட்டம், கவுன் தைக்கிற பெண்ணைக் கண்டு பயந்தது.

அந்த முறை கூடும் இடம் வால்பாறை. ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் புல்வெளியில் படம் எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். எஸ்டேட் என்றால் வெள்ளைக்காரத் துரை இருந்திருப்பார், துரை என்றால் அவர் மனைவி துரைசாணி. அத்தை துரைசாணி கவுன் தைக்க ஆரம்பித்தாள். துரைசாணிக்கு ஒரு மகள் வேண்டுமே, அது நான். எனக்கும் ஒரு கவுன், இடுப்பில் நீல ரிப்பன், தாடையின் கீழே முடிகிற ஒரு குல்லா. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது வாந்தி வரும் என்று அம்மா பயமுறுத்தினாள். வந்தால் வரட்டும், கவுனில் படாமல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஒப்பணக்காரத் தெருவில் ஜன்னல் திரைக்கு வைத்திருந்த கிரீம் நிறத் துணியைத்தான் வாங்கினோம். அத்தை கேட்ட அளவைப் பார்த்துக் கடைக்காரர், "எத்தனை ஜன்னலுங்க?" என்றார்.

"ஒரே ஜன்னல்தாங்க. கொஞ்சம் பெருசு."

மேல்சட்டை விறைப்பாக நிற்பதற்கு அந்தக் காலத்தில் திமிங்கிலத்தின் வாய்க்குள் இருக்கும் ஏதோ ஒரு பட்டையை வைத்துத் தைப்பார்களாம். கோயம்புத்தூரில் திமிங்கிலத்துக்கு எங்கே போவது? அப்பாவின் பட்டறையில் பம்ப் மோட்டார் பெட்டிகளைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை கிடந்தது. அத்தை அதை வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி மழுக்கி, துணிக்குள் செருகித் தைத்தாள். முதுகில் நாடா கோக்க ஓட்டைகள் வேண்டும். பிளக்ஸ் பேனர் கடையில் கொடுத்து, பேனர் மூலைக்கு அடிக்கிற வளையங்களை வரிசையாக அடித்து வாங்கினோம். "இதுல யாரு படம் போடோணுங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "என் படந்தானுங்க" என்றாள் அத்தை.

கவுன் பின்பக்கம் புடைத்து நிற்க உள்ளே ஒரு குட்டித் தலையணை. இதெல்லாம் போதாதென்று, பாவாடை மடிப்புக்குள் வெளியே தெரியாமல் ஒரு பை. அதைத் தைத்து முடித்த அன்று அத்தை மாடியிலிருந்து கத்தினாள். நான் ஓடினேன்.

"அம்மிணி, கையை உடு பாக்கலாம்."

விட்டேன். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

"பாத்தியா? அந்தக் காலத்துத் துரைசாணிக்கே பாக்கெட் இருந்திருக்குது. எனக்கு ஆபீசுக்குப் போடற சுடிதார்ல ஒண்ணு கெடையாது!"

இருவரும் குதித்தோம். கீழேயிருந்து அம்மா, "மேல என்ன இடியுது?" என்று சத்தம் போட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சத்தியமங்கலத்துச் சம்பந்தம் வந்தது. வாழைத் தோட்டம், நல்ல குடும்பம், ஒரே பையன். தரகர் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மலர்ந்தது. அத்தைக்கு இருபத்தொன்பது வயது, எங்கள் பக்கத்தில் அது ஊரே கவலைப்படுகிற வயது. மாப்பிள்ளையின் அம்மா போனில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "கல்யாணத்துக்கப்பறம் இந்த வேசங் கட்டறதெல்லாம் நம்மூட்ல ஆகாதுங்க. தைக்கோணும்னு ஆசையா இருந்தா ரவிக்கை தைக்கட்டும்." அப்பா சரி என்றார். அத்தையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, சரிங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் அடுத்த ஞாயிறே நிச்சயம். அடுத்த ஞாயிறுதான் வால்பாறை. நிச்சயமானால் வால்பாறை இல்லை, அதன் பிறகு மிஷினும் இல்லை. எனக்குக் கவுனும் இல்லை. நான் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். அத்தை அழவில்லை. உட்கார்ந்து கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஞாயிறு மாலை ராகு காலம் கழிந்து, ஆறு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. சாப்பாடு முடிந்து அம்மா சமையலறையில் மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பூ வாங்கப் போனவர், போனை அத்தையின் அறையில் சார்ஜில் விட்டுப்போயிருந்தார். போன் அடித்தது. அத்தை எடுத்தாள்.

"அண்ணன் வெளிய போயிருக்காருங்க... ஆமாங்க... ராகு காலத்துக்கு முன்னாடியேவா? தாராளமா வாங்க. நான் சொல்லிப்போடறனுங்க."

போனை வைத்தாள். மிஷினில் இருந்த ஓரத்தைக் கடைசி வரை அடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மிணி, கதவைச் சாத்து. கவுனைப் போட்டுப் பாத்தரலாம். நீயும் போட்டுக்கோ."

எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ரிப்பன், குல்லா சகிதம் நான்தான் முதலில் தயார். பிறகு அத்தைக்குத் தலையணையைக் கட்டி, மேல்சட்டையையும் பாவாடையையும் கொக்கி போட்டு இணைத்து, முதுகு நாடாவை வளையம் வளையமாக இழுத்தேன்.

"இன்னும் இறுக்கு. பலமே இல்லையா உனக்கு? சோறுதான திங்கற?"

முட்டியை அவள் முதுகில் ஊன்றி இழுத்தேன்.

"இப்ப முடிச்சுப் போடு. ரிப்பன் முடிச்சு வேண்டாம், மூச்சு உட்டாலே அவுந்துபோகும். உங்க மாமன் தோட்டத்துல மாட்டுக்குப் போடுவாரல்ல, இழுக்க இழுக்க இறுகுமே, அது."

அது எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். அத்தை கண்ணாடி முன்னால் திரும்பினாள். நான் வாயைப் பிளந்தேன். திரைத் துணியும் பெட்டிப் பட்டையும் பேனர் வளையமும் என்று தெரிந்த எனக்கே, ஏதோ கப்பலிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருந்தது. துரைசாணிகள் வணக்கம் வைக்கும் முறையை இருவரும் ஒத்திகை பார்த்தோம். பாவாடையை இரு பக்கமும் பிடித்து, முட்டியை மட்டும் மடக்கி, நிமிர்ந்த முதுகோடு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா மாடிக்கு ஓடிவந்த வேகத்தில் கதவே பெயர்ந்திருக்கும். உள்ளே பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"அடக் கடவுளே! வந்துட்டாங்க. கழட்டு, கழட்டு, சீலையைக் கட்டு!"

"முடிச்சு அவுரல நங்கை" என்றாள் அத்தை. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

அம்மா நகத்தால் முயன்றாள், கொண்டை ஊசியால் முயன்றாள். நான் பல்லால் கடித்தேன். அது மாட்டையே நிறுத்துகிற முடிச்சு. "கத்திரியக் குடு, வெட்டிப்போடலாம்" என்றாள் அம்மா.

"மிஷின் மேலதான் வச்சிருந்தேன். காணோமே."

மூவரும் தேடினோம். சரியாகச் சொன்னால் இருவர். அத்தையால் குனிய முடியாது. கட்டிலுக்கு அடியில் நான், மிஷினுக்குப் பின்னால் அம்மா. கத்திரிக்கோல் இல்லை. சமையலறைக் கத்திக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டும். "யாருடி போட்டா இந்த முடிச்ச?" என்றாள் அம்மா. "நாந்தான்" என்றேன். முதுகில் படாரென்று ஒன்று விழுந்தது. "கொழந்தைய எதுக்கு நங்கை அடிக்கற?" என்றாள் அத்தை. கேட்டதோடு சரி.

கீழே அப்பா வந்துவிட்டார். "அம்மிணி, வாப்பா" என்று ஹாலிலிருந்து அத்தையைக் கூப்பிட்டார், விருந்தாளிகள் முன்னால் பேசுகிற அந்தத் தேன் குரலில். அத்தை படியிறங்கினாள். கவுனின் வாலைப் பிடித்தபடி நான் பின்னால். முதுகு எரிந்தது, ஆனாலும் சொல்கிறேன், அந்தப் படிகளில் இறங்கியதைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வரவே இல்லை.

ஹாலில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். மூவரும் அப்படியே உறைந்தார்கள். அத்தை காபித் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். திரும்பும்போது பின்பக்கத் தலையணை டீப்பாயை இடித்து, பஜ்ஜித் தட்டு தரையில் கவிழ்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு வியர்த்தது. ஏதாவது ஒன்று முறைப்படி நடக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "பெரியவங்க கால்ல உழுந்து கும்பிட்டுக்க அம்மிணி" என்றார்.

"உழுந்தா எந்திரிக்க முடியாதுங்ணா."

சொல்லிவிட்டு, பாவாடையை இரு பக்கமும் பிடித்தாள். முட்டியை மடக்கி இறங்கினாள், ஏறினாள். ஒத்திகையில்கூட அவ்வளவு அழகாக வரவில்லை. நான் மட்டும் சும்மா நிற்பேனா? நானும் குல்லாவோடு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனுங்க, பின்னாடி அது என்னங்க?" என்றார்.

"தலாணிங்க" என்றாள் அத்தை. கேட்டதே போதும் என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தக் காலத்தில் குதிரை மயிர் வைப்பார்கள், நான் பஞ்சு வைத்தேன், உள்ளே இருப்பது பம்ப் மோட்டார் பட்டை, துணி ஜன்னல் திரை. கண் இரண்டும் மின்னின. மாப்பிள்ளை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய அம்மா கேட்கவில்லை.

"கல்யாணத்துக்கப்பறம் இதெல்லாம் கெடையாதுன்னு பேசியிருந்தோமுங்களே" என்றார், அப்பாவைப் பார்த்து.

"அண்ணன்கிட்டப் பேசியிருப்பீங்க. எங்கிட்ட யாரும் கேக்கலீங்க" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "நான் தச்சுட்டுத்தான் இருப்பேன். போட்டுட்டுந்தான் இருப்பேனுங்க."

அந்தம்மா எழுந்தார். மகனைப் பார்த்து, "எந்திரி, ராகு காலம் பொறக்கறதுக்குள்ள போலாம்" என்றார். காபி அப்படியே இருந்தது. கார் போகும்வரை அப்பா வாசலில் கைகூப்பி நின்றார். பிறகு தரகரைப் பிடித்துக்கொண்டார். முன்கூட்டியே வருவதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "சொன்னனுங்களே, உங்க தங்கச்சிகிட்ட" என்றார் தரகர். அப்பா அத்தையைப் பார்த்தார். "மறந்துபோட்டனுங்ணா" என்றாள் அவள். அப்பா குனிந்தார். தரையில் கிடந்த பஜ்ஜிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மாடியில் அத்தை கதவைச் சாத்தினாள். பாவாடை மடிப்புக்குள் கையை விட்டாள். கத்திரிக்கோலை வெளியே எடுத்தாள்.

"அட, இங்கதான் இருந்துச்சா!"

ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போன், முடிச்சு, பாக்கெட். அன்றைக்கு எனக்கு அத்தை மேல் பரிதாபம்தான் வந்தது. பாக்கெட்டை இவ்வளவு ஆழமாகத் தைத்தால் சாமான் இப்படித்தான் தொலையும். இன்று பரிதாபம் இல்லை, கோபம்தான். அம்மா கொடுத்த அடி அவள் முதுகுக்குப் போயிருக்க வேண்டியது. உள்ளே அத்தனை பட்டை இருந்தது, வலித்திருக்கவே வலித்திருக்காது.

"அத்தை, அப்ப நாம வால்பாறை போறமா?"

"போறோம்."

நான் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். அவள் கத்திரிக்கோலை என்னிடம் நீட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். "வெட்டு கண்ணு." முடிச்சை வெட்டினேன். நாடா வளையம் வளையமாகத் தளர்ந்தது. அத்தை ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு நீளமான மூச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை. பாவம், இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.