சூளை முன்னால் சொல்லாத வசனம்

அன்று மதியம் சூளைக்கு முன்னால் நின்றவர்கள் அங்கே வேலை பார்த்த என் அப்பா, சாத்தான் வேடம் போட்ட ஆரோக்கியம் மாமா, கல்யாண வீடியோ எடுக்கும் செல்வம் அண்ணன், சோறு கொண்டுவந்த அம்மா, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். முதலாளி மட்டும் ஊரில் இல்லை, இருந்திருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார். அடுப்பு வாயிலிருந்து அடித்த அனலில் கண்ணிமை காந்தியது, நாக்கில் மண் கசந்தது.

படித்த மனிதன் ஒருவன் சகல சுகமும் கேட்டுச் சாத்தானுக்குத் தன் உயிரைக் கொடுக்கும் பழைய நாடகம் அது, கடல் தாண்டி வந்தது. மாமாவின் தெருவில் ஒவ்வொரு திருவிழாவிலும் போடுவார்கள். அதைப் படமாக்கிவிட்டால் விருத்தாசலத்தை விட்டுச் சென்னைக்கே போய்விடலாம் என்று செல்வம் அண்ணன் நம்பினார். படித்த மனிதனாக நடித்த அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் வாசிக்க வாசிக்க, அவர் கேட்டே வசனத்தை மனப்பாடம் செய்திருந்தார்.

தீ மூட்டிய சூளையைத் திறக்கும்வரை அதன் முன்னால் சாவுப் பேச்சு பேசுவது எங்கள் பக்கத்தில் “அச்சானியம்”, கெட்ட சகுனம். நரகக் காட்சிக்குச் சிவப்பு வெளிச்சம் தேடி அலைந்த அவசரத்தில் அது யாருக்கும் நினைவில்லை. உயிரைக் கொடுக்கும் வசனம் வந்தபோது அம்மாதான் குறுக்கே வந்தாள்.

“அத மட்டும் இங்க சொல்லாதீங்க. வயித்துல புள்ள இருக்குது.”

அப்பா நெருப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சாத்தானிடம் திரும்பி, உயிர் வேண்டாம், சைக்கிளை எடுத்துக்கொள், வேண்டுமானால் சினை ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போ என்று பேரம் பேச ஆரம்பித்தார்.

“யோவ், ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனா நரகத்துல என்னை எவன் மதிப்பான்?” என்றார் மாமா. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

செல்வம் அண்ணன் சிரிக்கவில்லை. ஒரே ஒரு வரிதான் அண்ணே என்று கெஞ்சினார்.

“வேற எங்கன்னாலும் சொல்றேன் தம்பி. இங்க வேணாம்.”

வேறெங்கே அப்படி ஒரு வெளிச்சம் கிடைக்கும்? கோபத்தோடு கேமராவை மூடிக்கொண்டு போனவர் அந்தப் படத்தை அப்புறம் தொடவே இல்லை. தங்கை நல்லபடியாகப் பிறந்தாள். அவள் பேச்சு பழகுவதற்குள், வேலைக்குப் போன வழியில் பஸ் மோதி அப்பா இறந்துபோனார்.

இப்போது கல்லூரியில் படிக்கும் அவள், “அப்பா எப்படிண்ணே பேசுவாரு?” என்று போன மாதம் கேட்டாள். நான் பேசிக் காட்டிப் பார்த்தேன், வரவில்லை. சூளையில் எடுத்த கேசட்டைக் கேட்டு மறுநாளே செல்வம் அண்ணனைத் தேடிப் போனேன். அதன் மேலேயே பக்கத்து மங்களூரில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சூளை இருந்த இடத்தில் இன்று லாரி நிற்கிறது. உயிரைத் தர மாட்டேன் என்று அப்பா பேசிய பேரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை, அவர் குரல் பதிந்திருந்த அந்த ஒரே கேசட்.