இரண்டு போத்தல் ஈஸ்ட்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் வீட்டில் போட்ட பியரைக் குடித்துவிட்டு முகம் சுளித்தவன் எவனும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கே வந்து பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றேன், பிறகு சொந்தமாக ஒரு கடை போட்டேன், அது நன்றாக ஓட இன்னொன்றும் போட்டேன். ஒருவரும் எனக்குக் கைபிடித்துப் பழக்கவில்லை. பியரும் அப்படித்தான், புத்தகம் பார்க்காமல் பழகியது.

முதல் ஈஸ்டை மட்டும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தந்தார். தன் பியர் வாளியின் அடியில் கிடந்த மண்டியை ஒரு ஜாம் போத்தலில் அள்ளித் தந்து, இதைப் பழுதாக்காமல் வைத்திருந்தால் ஆயுசுக்கும் ஈஸ்ட் வாங்கத் தேவையில்லை என்றார். ஒவ்வொரு முறையும் பியரை வடித்த பிறகு அடியில் தங்கும் மண்டியில் கொஞ்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த முறைக்குப் போட்டேன்.

ஒருநாள் பார்த்தால் போத்தல் அரைவாசியாகக் கிடந்தது.

"என்ரை ஈஸ்டை ஆர் எடுத்தது?"

"நான்தான், அப்பத்துக்கு" என்றாள் மனைவி. "ஊரிலை கள்ளு விட்டுத்தானே புளிக்க வைக்கிறது. இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? உங்கடை போத்தலை மணந்து பாத்தன். கிட்டத்தட்ட அந்த மணம்தான்."

அப்பம் நன்றாக எழும்பியிருந்தது. ஆனால் கசந்தது. பியருக்குக் கசப்புக்காகப் போடுகிற ஹொப்ஸ் பூவின் தூள் மண்டிக்குள் கிடந்திருக்கிறது.

"இதையும் அப்பமெண்டு சொல்லுவீரோ?"

"உங்கடையை நீங்கள் பியரெண்டு சொல்லேக்கை நான் வாய் திறந்தனானோ?"

அடுத்த முறை அவள் அந்த மண்டியைக் கழுவினாள். கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். கனமான தூள் முதலில் அடிக்குப் போனது. மேலே பால்போல நின்றதை மட்டும் மெல்லச் சரித்து வேறு போத்தலில் எடுத்தாள், அரிசியில் கல் அரிக்கிற மாதிரி. ஃபிரிட்ஜில் ஒரு நாள் இருந்ததும் அது வெண்ணெய் நிறத்தில் படிந்தது. அதன் பிறகு அப்பம் கசக்கவில்லை. என் பியரும் தெளிந்துவிட்டது! சனிக்கிழமைகளில் கூட்டாளிகள் வந்தால், அந்த ஒரே போத்தலின் ஈஸ்டில் எழும்பிய அப்பம் ஒரு பக்கம், பியர் ஒரு பக்கம். இரண்டையும் பற்றி நான்தான் பெரிதாகப் பேசுவேன். அவள் அடுப்படியில் நின்று சிரிப்பாள்.

பிறகு கனடாவில் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பிள்ளைகள் குப்புறப் படுக்கும் மட்டும் நின்றுவிட்டு வருகிறேன் என்று போனாள். பிறகு தவழும் மட்டும் என்றாள். பிறகு நடக்கும் மட்டும். இப்போது இரண்டும் வீடு முழுக்க ஓடித் திரிகின்றன.

அவள் போன பிறகு நான் பியர் போடவில்லை. முழங்கால் வலி, வாளி தூக்க ஏலாது என்று கூட்டாளிகளுக்குச் சொல்லிவைத்தேன். அந்த வாளியை நான் இன்றைக்கும் ஒரு கையால் தூக்குவேன்.

இந்த வருடம் குளிர் குறையத் தொடங்கிய நாளில் தொலைபேசியில் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஈஸ்டருக்கு வாறன். அந்தப் போத்தல் இருக்கோ? இஞ்சத்தைப் பக்கெட் ஈஸ்டிலை அப்பம் கரை முறுகுதில்லை."

"இருக்காமல்? துள்ளிக்கொண்டெல்லோ இருக்கு!"

"செத்துக்கித்துப் போயிருந்தாச் சொல்லுங்கோ."

"நான் வைச்ச சாமான் சாகுமே?"

தொலைபேசியை வைத்துவிட்டு ஃபிரிட்ஜின் ஆகப் பின்னால் கைவிட்டு எடுத்தேன். மேலே நின்ற தண்ணீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்திருந்தது. அடியில் படிந்தது தவிட்டு நிறமாகிவிட்டது. என் மனக்கணக்கு இதுதான்: தன் அடுப்பில், தன் அப்பத் தாச்சியில், தன் கையால் கழுவிவைத்த ஈஸ்டில் அவள் அப்பம் சுட்டாளென்றால், திரும்பிப் போக அவளுக்கு மனம் வராது. ஆகவே இது எழும்பியாக வேண்டும்.

நான் எதையும் சின்னதாகச் செய்து பழகாதவன். பெரிய சட்டி நிறைய, பியருக்குப் போடுகிற முளைவிட்ட பார்லி மோல்ட் மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, பாதி ஈஸ்டை அதில் ஊற்றினேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அது ஆறிப்போன தேநீர்போலவே கிடந்தது. ஒரு குமிழி வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு காலம் பட்டினி கிடந்ததற்கு யாராவது பந்தி வைப்பார்களா? கஞ்சியல்லவா கொடுக்க வேண்டும். மிச்ச ஈஸ்டுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அதுவும் ஐதாக, மோல்ட் நீர் வைத்தேன். வாயை இறுக்காமல் ஃபொயிலால் மூடி, வெந்நீர் பொய்லர் இருக்கும் அலுமாரிக்குள் சூட்டோடு வைத்தேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எடுத்துக் குலுக்கினேன். ஒரு மத்தியானம் காதருகே பிடித்தபோது மெல்லிய இரைச்சல் கேட்டது. ஓரத்தில் நூல்போல ஒரு நுரை வளையம்.

"எழும்பீட்டாய், என்ன!" என்று வெறும் வீட்டில் கத்தினேன்.

பிறகு கொஞ்சம் கூட, பிறகு இன்னும் கொஞ்சம் கூட மோல்ட் நீர் விட்டு வளர்த்தேன். அவள் வந்து இறங்கியபோது நுரை வாய்வரை நின்றது.

அப்பம் சுட்டாள். கரை முறுகி, நடு பஞ்சுபோல. "உங்கடை போத்தலுக்கு உயிர் கெட்டிதான்" என்றாள். எத்தனை தின்றேன் என்று நான் பார்க்கவில்லை. அடுத்த சொல் எது வரும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, குசினியில் அவள் ஈஸ்ட் கழுவிக்கொண்டு நின்றாள். சிங்க் அருகே இரண்டு போத்தல்கள்.

"ரெண்டெதுக்கு?"

"ஒண்டு உங்களுக்கு. ஒண்டு நான் கொண்டுபோக. பிள்ளையளும் நல்ல அப்பம் தின்னட்டுமன்."

போகாமல் இஞ்சையே நில்லும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மூடியை இறுக்காதையும்" என்றேன். "உள்ளுக்கை காத்து நிரம்பினா வெடிக்கும்."

"தெரியும்."

"பெட்டிக்குள்ளை நிமித்தி வையும்."

"தெரியுமப்பா."

வீட்டில் உடுத்துகிற பச்சை நூல்சேலையில் அந்தப் போத்தலைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஹீத்ரோவுக்கு நான்தான் காரோட்டிப் போனேன்.

கனடா போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி எடுத்தாள்.

"போத்தல் சரிஞ்சு அரைவாசி ஊத்துப்பட்டிட்டுது. சேலை முழுக்க உங்கடை மணம்."

"பியர் மணமெண்டு சொல்லும்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஈஸ்ட்?"

"மிச்சம் கிடக்கிறது காணும்."

"சேலையை உடனை தோயும். மணம் ஏறினாப் போகாது."

பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"ஓம், ஆறுதலாத் தோய்ப்பம்" என்றாள்.

அடுத்த கிழமை பேசும்போது கேட்டேன். இன்னும் தோய்க்கேல்லை என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு விட்டுப்போன போத்தலைக் குலுக்கிவிட்டு, மோல்ட் நீர் காய்ச்ச அடுப்பை மூட்டினேன்.