தினமும் சாகிறவள்

செத்துப்போனவள்மேல் போய் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் படுவேன். இரண்டாம் தாரமாக வந்து பாருங்கள், தெரியும்.

எங்கள் வீட்டில் ஆடி மாதம் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். தாலியோடு போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதை அந்த வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பூவாடைக்காரி என் கணவரின் முதல் மனைவி. மருமகள் நான். அந்தப் புடவையை எடுக்க வருஷா வருஷம் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு இரண்டு பேரும் போவோம். எனக்குத் துணி எடுக்கும்போது கடை வாசலில் போனை நோண்டிக்கொண்டு நிற்கிற மனுஷன், அவளுக்கு என்றால் அலமாரியையே இறக்கச் சொல்வார். கடைசியில் எடுப்பது அதே மாம்பழ மஞ்சள்தான். எனக்கு மஞ்சள் துளியும் பொருந்தாது.

அந்த வருஷம் புடவை வாங்கிய கையோடு மதியக் காட்சிக்குப் போகலாம் என்றார். ஏதோ பேய்ப்படமாம், எல்லோரும் பேசுகிறார்களாம். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட அவராகக் கூப்பிட்டதில்லை. புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படத்தில் பேயே வரவில்லை. ஒருவன் காலையில் எழுந்திருக்கிறான், பெண்டாட்டி காபி கொடுக்கிறாள், சாயங்காலம் மொட்டைமாடியிலிருந்து விழுந்து சாகிறாள். கண் விழித்தால் மறுபடியும் அதே காலை, அதே காபி. அவன் மாடிக்கதவைப் பூட்டுகிறான், அவளையே கட்டிப் போடுகிறான், போகப்போகப் பைத்தியமாகிறான். அவள் ஏதோ ஒரு வழியில் செத்துக்கொண்டேதான் இருக்கிறாள். அவளை மறந்தால்தான் மறுநாள் விடியும் என்று கடைசியில் தெரிகிறது. மாட்டேன் என்று அந்த நாளுக்குள்ளேயே கிடக்கிறான்.

தியேட்டரே மிரண்டு போயிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் பயப்படவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் காபியோடு வரும்போது அவர் முகம் மலர்ந்ததை அந்த இருட்டிலும் பார்த்துவிட்டேன். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கேட்டேவிட்டேன். "உங்களுக்கு அந்த மாதிரி ஒரு நாள் திரும்பி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

வெறும் காய்ச்சல்தானே என்று இருந்து முதல் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். யோசிக்கவே இல்லை. "காலையிலயே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுவேன்."

"அப்ப நான்?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுஷன்தான், பொய் சொல்ல வராது. "அன்னிக்கு உன்ன எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை அவர் கையில் திணித்தேன். "அப்ப நாளைக்கு இத நீங்களே கட்டிக்கினு நில்லுங்க" என்றேன்.

மறுநாள் படையல் முடிந்ததும் மாமியார் புடவையை எடுத்து நீட்டினார். கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் இலை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் என் பச்சைப் புடவையிலேயே எல்லோருக்கும் சோறு பரிமாறினேன். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் அந்த மஞ்சளைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வரும்போது அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைக் கண்ணெடுக்காமல் பார்ப்பார். அன்றைக்கு அவர் இலையிலிருந்து நிமிரவே இல்லை.